கருவாட்டு லோரியில் சுயம்பு தரிசனம்

சாமி பார்க்கப் போகிறவர்கள் குளித்து முழுகி, நல்ல வண்டியாகப் பார்த்து ஏறிப் போவார்கள். நாங்கள் கருவாட்டு லோரியில் போனோம். எல்லாம் என் வீட்டுக்காரர் செய்த ஏற்பாடு. என் வாழ்க்கையில் நடந்த கோணல்மாணலான காரியங்களில் முக்கால்வாசி அவர் செய்த ஏற்பாடுதான். மீதி கால்வாசி அவருடைய சிநேகிதர்கள் செய்தது.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வீட்டில் குடியிருந்தோம். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஜனங்களை மூட்டை முடிச்சோடு கப்பலேற்றி ஊருக்கு அனுப்பி, பிறகு ஆள் போதவில்லை என்று மறுபடியும் கூப்பிட ஆரம்பித்திருந்த காலம். எங்கள் வீடு ஒன்றும் அரண்மனை இல்லை. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, புகை போக வழியில்லாத அடுப்படி. ரயில் போனால் அலமாரியில் பாத்திரமெல்லாம் ஆடும். ஆனால் கொல்லையில் நான் வைத்த முருங்கை காய்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் நடந்துபோகிற தூரத்தில் பள்ளிக்கூடம் இருந்தது. குழாயடியில் நான் குடம் வைத்தால் நகர்த்த ஒருத்திக்கும் துணிச்சல் கிடையாது. அந்த மரியாதையைச் சம்பாதிக்க நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல.

அவர் செந்தூல் ரயில் பட்டறையில் எஞ்சின் பூட்டுகிற பிட்டராக இருந்தார். விடியும் முன்னே தூக்குச்சட்டியோடு கிளம்பி, தொழிலாளர் ரயிலில் போய், பொழுது சாய்ந்து கரியும் எண்ணெயுமாகத் திரும்பி வருவார். இரும்பைத் தடவிப் பார்த்தே எங்கே தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற கை அவருக்கு. அந்தக் கைக்கு அங்கே என்ன மரியாதை கிடைத்தது? அரம் பிடிக்க இவரே சொல்லிக் கொடுத்த ஒருத்தனை, நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுகிறான் என்று இவருக்கு மேலே உட்கார வைத்தார்கள். புதிதாக வந்த துரை இவர் பெயரைக் கேட்கக்கூட இல்லை, "ஏய்" என்றுதான் கூப்பிடுவானாம். அன்றையிலிருந்து மனுஷன் வீட்டில் பேச்சைக் குறைத்துவிட்டார். சோறு போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்கமாட்டார். என்னோடு சண்டைக்குக்கூட வராமல் போனது எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் லோரிக்காரர் வந்து சேர்ந்தார். கிள்ளானில் கருவாடு ஏற்றிக்கொண்டு, சிரம்பான் வழியாக மலை ஏறி, கோலப்பிலா கடைகளுக்கு இறக்குகிறவர். என் வீட்டுக்காரரை "அண்ணே" என்பார், என்னை "அண்ணி" என்பார், எங்கள் வீட்டுச் சோற்றைத் தன் சோறு என்பார். ஒரு நாள் சாயங்காலம் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினார்.

"அண்ணே, மலைக்கு அந்தாண்ட ஒரு லிங்கத்தப் பாத்தேண்ணே! காட்டுக்குள்ள தன்னந்தனியா நிக்குது. ஒடம்பெல்லாம் பாசி. வண்டி சூடாயிருச்சின்னு தண்ணி தேடிப் போனேன், சாமி தெரிஞ்சாரு."

தண்ணி தேடிப் போனது பொய். ஒன்றுக்குப் போகத்தான் புதருக்குள் ஒதுங்கியிருக்கிறார், அவர் பெண்சாதியே பிறகு என்னிடம் சொன்னாள். போகட்டும், காட்சி கொடுக்கிற சாமிக்கு அந்த விவரமெல்லாம் தேவையில்லையே.

அந்த வழியாகப் போன ஒரு மலாய்க்காரரிடம் அது என்ன என்று கேட்டிருக்கிறார். "பத்து லாமா" என்றாராம் அவர். பழைய கல் என்று அர்த்தம். அந்தப் பழைய கல் சிரம்பான் வந்து சேர்வதற்குள் நூறு வருஷத்துக் கல்லாயிற்று, காஜாங் தாண்டும்போது ஆயிரம் வருஷம், எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது உலகம் தோன்றியபோது தோன்றியது. என் வீட்டுக்காரர் அதற்கும் மேலே போய், "சுயம்பு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மலாய்க்காரர்கள் கல்லை 'பத்து' என்றால், நம் ஆட்கள் அதை ஒன்பதுக்கு அடுத்த பத்தாக்கி, முருகன் குடியிருக்கிற பத்துமலையில் மிச்சம் ஒன்பது மலை எங்கே என்று தேடுகிறவர்கள்தானே. இது என்ன பிரமாதம் என்று நான் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. அவர் விரதம் இருக்க ஆரம்பித்தார். கவிச்சி கிடையாது, பாயில் படுக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உப்புப் போதவில்லை என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"போய்ப் பாப்போம். சுயம்புதான்னு என் மனசுக்குப் பட்டுச்சின்னா வேலைய எழுதிக் குடுத்திர்றேன். அங்கயே ஒரு கொட்டாய் போட்டு, பூசை பண்ணிக்கிட்டு இருந்திரலாம்."

"இந்த வீடு?"

"ரயில்வே வீடுதான. ரயில்வேக்கிட்டயே குடுத்திருவோம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டியை எங்கே எறிந்தேன் என்று ஞாபகமில்லை. பிள்ளைகளின் படிப்பு, என் முருங்கை, குழாயடி, பக்கத்து வீட்டுச் சண்டைக்காரி உட்பட எல்லாவற்றையும் விட்டுவிட்டு, காட்டில் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் போய் நான் உட்கார வேண்டுமாம். அழுதேன், திட்டினேன், சோறு வைக்காமல் இருந்து பார்த்தேன். விரதக்காரருக்கு அது சௌகரியமாகப் போயிற்று. கடைசியில் நானும் கூட வருகிறேன் என்றேன். சுயம்புவோ என்னவோ, என் கண்ணுக்கும் படட்டும்.

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுச் சண்டைக்காரியிடமே விட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை விடிகாலையில் லோரி ஏறினோம். முன்னால் லோரிக்காரருக்குப் பக்கத்தில் ஓர் ஆள்தான் சௌகரியமாக உட்காரலாம். பின்னால் நெத்திலியும் சுறாவும் மூட்டை மூட்டையாக இருந்தன. பூசைச் சாமானில் கருவாட்டு வாடை பட்டுவிடக் கூடாது என்று தேங்காய், பழம், சந்தனம், கற்பூரம், பத்துமலைக் குகையில் சொட்டுச் சொட்டாகப் பிடித்த தீர்த்தச் சொம்பு எல்லாவற்றையும் முன் சீட்டில் வைத்து, அவற்றைப் பிடித்துக்கொள்ள என்னையும் வைத்துவிட்டு, அவர் பின்னால் போய் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். மீன் வாசனையே ஆகாது என்று வீட்டில் சட்டியைக்கூட ஒதுக்கி வைக்கச் சொன்ன மனுஷன், சுறாக் கருவாட்டின் மேல் சம்மணம் போட்டு, நெற்றி நிறைய திருநீறோடு ஊர்வலம் வந்தார். காஜாங் பாசார்க் கடைத்தெருவில் சனங்கள் நின்று பார்த்தார்கள்.

சிரம்பான் தாண்டியதும் ரோடு மலை ஏற ஆரம்பித்தது. புக்கிட் புத்துஸ் என்கிற கணவாய். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் முறுக்குப் பிழிந்த மாதிரி ரோடு. மூங்கில் இரண்டு பக்கமும் சாய்ந்து நின்றது. காற்று குளிர்ந்து, மரத்தடியில் எல்லாம் பனி தேங்கிக் கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் லோரிக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே, எந்த வளைவில் எந்த லோரி உருண்டது, அதில் என்ன சரக்கு இருந்தது என்று எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் சொம்பை இறுக்கிப் பிடித்திருந்தேன். அப்போது எனக்கிருந்த பக்தி, ஆயுசில் வேறு எப்போதும் இருந்ததில்லை.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே வண்டி புகைந்து நின்றது. லோரிக்காரர் இறங்கி முன்மூடியைத் திறந்தார். இட்லிச் சட்டி மாதிரி ஆவி வந்தது. அவர் தண்ணீர் டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். ஓடை பள்ளத்தில் எங்கோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பிறகு என் மடியைப் பார்த்தார்.

"அண்ணி... அந்தச் சொம்புல..."

பின்னாலிருந்து சத்தம் வந்தது. "டேய்! அது தீர்த்தம்டா!"

"அண்ணே, வண்டி போனாத்தாண்ணே சாமி. வண்டி இங்கயே படுத்துச்சின்னா ராத்திரி புலிக்குத்தாண்ணே நம்ம தீர்த்தம்."

அவர்கள் பேசி முடிப்பதற்குள் நான் இறங்கிப் போய் ஊற்றிவிட்டேன். லோரிக்கு முதல் அபிஷேகம் ஆயிற்று. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் இன்னும் கொஞ்சம் ஆவி கிளம்பியது. ஆனால் வண்டியும் கிளம்பியது.

மலையைத் தாண்டி இறங்கினால் வேறு உலகம். இரண்டு மலைகளுக்கு நடுவில் பச்சைப் பசேல் என்று நெல் வயல். வயலோரத்தில் தென்னையும் டுரியானும் சூழ, கம்பம் என்கிற மலாய்க்காரர் கிராமங்கள். வீடுகளெல்லாம் மரக்கால்களில் நின்றன. கூரைகள் இரண்டு முனையிலும் எருமைக்கொம்பு மாதிரி மேலே வளைந்திருந்தன. நான் பார்த்த அழகான இடங்களில் அதுவும் ஒன்று, கோபத்தில் இருந்தபோதே அப்படித் தோன்றியது. அங்கே ரோட்டோரம் எங்களை இறக்கிவிட்டு, கோலப்பிலா போய்ச் சரக்கை இறக்கிவிட்டு மத்தியானம் வருவதாகச் சொல்லி லோரிக்காரர் போனார். ரோடு செப்பனிடும் நம் கூலி ஜனங்கள் பக்கத்தில் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன், வந்துவிடுவார்கள் என்றார்.

ரோட்டை விட்டு மேட்டில் ஏறினால் பழத்தோப்பு. தோப்புக்குள் சாமி நின்றுகொண்டிருந்தார். உள்ளதைச் சொல்ல வேண்டும், பார்த்ததும் எனக்குமே திக் என்றது. தலை உருண்டை, உடம்பு நேராக, இடுப்பளவு உயரம், லேசாக ஒரு பக்கம் சாய்ந்து, பச்சைப் பாசி போர்த்திக்கொண்டு நின்றார். கூலி ஜனங்கள் ஏற்கெனவே மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் சாஷ்டாங்கமாக விழுந்தார். எழுந்தபோது கண்ணில் தண்ணீர். போச்சு, முருங்கை போச்சு, வீடு போச்சு.

"அபிஷேகத்துக்குத் தண்ணி இல்ல," என்றார், என்னைப் பார்க்காமல். "லோரி குடிச்சிருச்சி."

தோப்புக்குப் பின்னால் ஒரு வீடு தெரிந்தது. சொம்பை எடுத்துக்கொண்டு போனேன். ஏணிப்படியில் உட்கார்ந்து ஒரு மலாய்க்காரி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். தண்ணீர் வேண்டும் என்று எனக்குத் தெரிந்த பாசார் மலாயில் கேட்டேன். கிணற்றைக் காட்டினாள். எதற்கு என்று கேட்டாள். அந்தக் கல்லுக்கு, அது எங்கள் சாமி, பழைய கல் என்று சொன்னேன். அவள் வெற்றிலை இடிக்கிற கம்பியை வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள்.

"பத்து ஹிடுப்பா?" என்றாள். உயிருள்ள கல்லா என்று கேட்கிறாள். கல்லுக்கு ஏது உயிர் என்று நான் முழித்ததைப் பார்த்து, கையைப் பிடித்து வீட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே அவர்களுடைய பழைய மயானம். மரத்து நிழலில் ஆளுயரத்துக்கும் மேலே கற்கள் நின்றன. ஒன்று வாள் மாதிரி, ஒன்று துடுப்பு மாதிரி. யார் நட்டார்கள், எப்போது நட்டார்கள் என்று அவளுக்கும் தெரியவில்லை, அவள் அம்மாவுக்கும் தெரியாதாம். வருஷா வருஷம் வளர்கின்றன என்றாள். அந்த இடத்தில் ஒரு குருவிகூடக் கத்தவில்லை. எனக்குக் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"அப்போ அது?" என்று தோப்பைக் காட்டினேன்.

அவள் தோளில் கிடந்த துணியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "இத்து பத்து ஜாலான் லா! பத்து அம்பாட் பெலாஸ்!"

ஜாலான் என்றால் ரோடு. அம்பாட் பெலாஸ் என்றால் பதினாலு. பத்து என்றால் கல் மட்டுமா, மைலுக்கும் அதுதானே பேர்! நாம் பத்தாங்கட்டை, பன்னிரண்டாங்கட்டை என்று சொல்வதைத்தான் அவர்கள் பத்து என்கிறார்கள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாட்டுவண்டி ரோடு இந்த வீட்டு வாசல் வழியாகத்தான் போயிற்றாம். பிறகு ரோட்டைக் கீழே மாற்றிப் போட்டார்கள். கல்லைப் பிடுங்க யாருக்கும் நேரமில்லை. காட்டுக்குள் கிடந்த சுயம்பு, சிரம்பானிலிருந்து பதினாலாம் கட்டை.

நான் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா தெரியாது. அவள் ஏன் என்று கேட்டாள். அவர் வேலையை விட்டுவிட்டு இங்கே குடிவரப் போகிறார், அவர் வேலை போனால் வீடும் போய்விடும் என்று சொன்னேன். அவளுக்கு அது புரியவே இல்லை. வீடு எப்படி ஆம்பிளையோடு போகும் என்று கேட்டாள். அந்தப் பக்கத்தில் வீடும் வயலும் தோப்பும் பெண்களுக்குத்தானாம். இந்த வீடு அவள் அம்மாவுடையது, இப்போது அவளுடையது, நாளைக்கு அவள் மகளுடையது. புருஷன் சரிப்பட்டு வராவிட்டால் துணிமூட்டையை ஏணிப்படியில் வைத்துவிடுவார்களாம். பிரிக்பீல்ட்ஸில் அந்தச் சட்டம் இருந்திருந்தால் எங்கள் வரிசையில் ஏணிப்படி போதாது.

சொம்பு நிறைய தண்ணீரும் நாக்கு நிறைய வசவுமாகத் திரும்பி நடந்தேன். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுகூட முடிவு பண்ணியாயிற்று.

தோப்பில் கூட்டம் கூடியிருந்தது. லயத்து ஜனங்கள், பெண்கள், கைக்குழந்தைகள் உட்பட எல்லோரும் வந்துவிட்டார்கள். தார் பட்டுப் பட்டு வெடித்த கால்கள். அவர்களுடைய கங்காணி, மண்டோர் என்பார்கள், நரைத்த மீசைக்காரர், என் வீட்டுக்காரர் முன்னால் குனிந்து, "சாமி, என் மருமகளுக்குத் திருநீறு பூசிவிடுங்க சாமி" என்றார். அவர் பூசிவிட்டார். இன்னொருத்தி காலில் விழுந்தாள். கருவாட்டு வாடையோடு நின்ற அந்த மனுஷனின் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றைக்குக்கூட அவர் அப்படி இல்லை. முதுகு நிமிர்ந்திருந்தது. என் நாக்கிலிருந்த வசவெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. இதை இவரிடமிருந்து எப்படிப் பிடுங்குவது? வீடு போனாலும் போகட்டும் என்று ஒரு நொடி தோன்றியது, சத்தியமாகத் தோன்றியது.

சொம்பை நீட்டினேன். "இந்தாங்க," என்று மட்டும் சொன்னேன்.

அவர் தண்ணீரை ஊற்றி, உள்ளங்கையால் பாசியைத் தேய்த்தார். தலை, தோள், மார்பு என்று கை இறங்கி வந்தது. நடுவில் வந்ததும் கட்டைவிரல் நின்றது. மறுபடியும் மெதுவாக, மேலிருந்து கீழே ஒரு கோடு. பக்கத்தில் குறுக்கே ஒன்று, நேராக ஒன்று. எண்ணெய் இருட்டில் இரும்பின் தேய்மானத்தைக் கண்டுபிடிக்கிற விரல், உளியால் வெட்டிய எழுத்தைத் தெரிந்துகொள்ளாதா. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

பிறகு சந்தனத்தை உருண்டையாக எடுத்து, பதினாலின் மேலே வைத்து அப்பினார். வழிக்கவே முடியாதபடி கனமாக அப்பினார். அதற்கு மேல் திருநீற்றுப் பட்டை, நடுவில் குங்குமம். கற்பூரம் காட்டினார். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு கிழவர் விம்மி விம்மி அழுதார்.

"சாமி பேரு என்னங்க?" என்று மண்டோர் கேட்டார்.

கொஞ்சம் யோசித்தார். "வழித்துணையப்பன்."

கூட்டம் அந்தப் பெயரை வாயில் போட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டது. நீங்களே இங்கே இருந்து பூசை பண்ணுங்கள், கொட்டகை நாங்கள் போட்டுத் தருகிறோம் என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் மண்டோரின் தோளில் கை வைத்தார்.

"தெனம் இந்த வழியா போறவங்க நீங்க. நீங்களே பாத்துக்குங்க. எனக்குத் திங்கக்கெழம வேல இருக்கு."

மத்தியானம் வந்த லோரி காலியாக இருந்தது. அதனால் இரண்டு பேருமே பின்னால் ஏறிப் பலகையில் சாய்ந்து உட்கார்ந்தோம். "எப்பண்ணே குடிவரீங்க?" என்று லோரிக்காரர் கேட்டதற்கு, "நேரமாச்சி, வண்டிய எடுடா" என்றார். மலை ஏறி, உச்சி தாண்டி, சிரம்பான் பக்கம் இறங்கும்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"ஒனக்கு எப்ப தெரியும்?" என்றார் கடைசியில்.

"தண்ணிக்குப் போனப்பவே."

"அவங்க முன்னாடி சொல்லிக் கிழிச்சிருப்பியே. ஏன் சொல்லல?"

"நீங்களுந்தான் சொல்லல."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பின்னால் சுருள் சுருளாகப் பிரிந்துபோய்க்கொண்டிருந்தது.

"இந்த மலைய வெட்டி ரோடு போட்டது யாரு? அந்தக் கல்லத் தூக்கியாந்து நட்டது யாரு? தொரையா? அந்த லயத்து சனங்களோட அப்பனும் பாட்டனுந்தான். செத்தவன் எத்தன பேரோ. அவங்களுக்கு வேற என்ன இருக்கு இங்க, கும்புடுறதுக்கு? கும்புட்டுப் போறாங்க."

என் வீடு தப்பித்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள் நான்தான். ஆனால் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலால் உள்ளங்கையில் எதையோ தடவிக்கொண்டே இருந்தார்.

"என்னையச் சாமின்னு கூப்பிட்டாங்கல்ல," என்றார். "கொஞ்ச நேரம் நானும் நம்பிட்டேன்டி."